விண்டனில் ஒரு சோம்பலான நாள்: கேரவன் பயணிகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சிற்றூர்களுக்குக் கேரவனோடு (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) வருபவர்களில் பலரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். பொழுது சாயும்போது வந்து சேர்வது, மறுநாள் காலையில் அவசரமாக இரண்டு இடம் பார்ப்பது, மதியத்துக்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவது. ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்காது, ஓய்வெடுத்த மாதிரியும் இருக்காது. நான் சொல்லும் யோசனை எளிது. இரண்டு இரவு தங்குங்கள். நடுவில் கிடைக்கும் முழுப் பகலில் காரை ஒரே ஒரு முறை மட்டும் எடுங்கள். மிச்சத்துக்குக் கால் இருக்கிறது.

இதற்கு விண்டனைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. குயின்ஸ்லாந்தின் நடு மேற்கில், லாங்ரீச்சிலிருந்து வடமேற்கே சுமார் 180 கி.மீ. தூரத்தில், லேண்ட்ஸ்பரோ நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனால் ஆஸ்திரேலியர்களின் நெஞ்சுக்கு நெருக்கமான ‘வால்ட்ஸிங் மட்டில்டா’ பாட்டு, அவர்களுடைய முதன்மையான விமான நிறுவனமான குவாண்டாஸ், நாட்டின் மிகப் பெரிய டைனோசர் எலும்புச் சேகரிப்புகளில் ஒன்று என மூன்றுக்கும் இந்த ஊரோடு தொடர்பு உண்டு.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே முதல் ஆகஸ்ட் வரை. செப்டம்பரைச் சமாளிக்கலாம், அதற்குப் பிறகு வேண்டாம். ஜூலையில் பகல் 25 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் பத்துக்குக் கீழே இறங்கும். ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாகவே 38 டிகிரி. 40-ஐத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை. ‘பாலைவனம்தானே’ என்று கம்பளி எடுக்காமல் போகிறவர்கள் ஜூலை இரவில் நடுங்குவார்கள்.

பள்ளி விடுமுறை வரும் ஜூன் கடைசி, ஜூலை முதல் இரண்டு வாரங்களுக்கு இடத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். குளிர்காலம் முழுக்க, பணி ஓய்வு பெற்ற தென்மாநிலத்துக்காரர்கள் குளிருக்குப் பயந்து கேரவனோடு வடக்கே வந்துவிடுகிறார்கள். ‘கிரே நோமட்ஸ்’ என்று அவர்களைச் செல்லமாகச் சொல்வார்கள். கேரவன்கள் தங்கும் பார்க்குகளை நிரப்புவது பெரும்பாலும் அவர்கள்தான்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே மண் கரிசல். நம் கோவில்பட்டிப் பக்கம் மழையில் கரிசலில் நடந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காய்ந்திருக்கும்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கொஞ்சம் நனைந்தாலும் பசையாகிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். இரண்டு டன் கேரவனைத் தார்ச்சாலையை விட்டு ஈரக் கரிசலில் இறக்கினால், டிராக்டர் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். மழை பெய்த மறுநாள் ஓரமாக நிறுத்தித் தேநீர் போடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: எடையைச் சரிபார்த்து ஏற்றுங்கள்

உங்கள் கார் இழுக்கக்கூடிய எடையும் கேரவனின் அதிகபட்ச எடையும் தகட்டில் இருக்கும். சாமான், தண்ணீர், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் சேர்த்த எடைதான் கணக்கு. கேரவனின் முன்பக்கம் கார்க் கொக்கியின் மேல் அழுத்தும் எடை, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது. அது குறைந்தால் கேரவன் வால் ஆட்டும். கனமானவற்றைக் கீழே, அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். அரிசி மூட்டையைக் கடைக்கோடி அலமாரியில் வைத்தால் அதன் விளைவு நூறு கிலோமீட்டர் வேகத்தில்தான் தெரியும்.

இழுத்துப் பழக்கமில்லாதவர்கள், வண்டியும் வீடும் ஒன்றாகவே இருக்கும் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுக்கலாம். கேரவன் எடுப்பதானால், கிளம்புவதற்கு முன் ஒரு காலி மைதானத்தில் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் மண் சாலையில் காப்பீடு செல்லுமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் செல்லாது.

படி 3: சாலை

பிரிஸ்பேனிலிருந்து சுமார் 1,350 கி.மீ. ரோமா, பார்கால்டின் என்று நிறுத்தி நிறுத்தி, மூன்று நாளுக்குக் குறையாமல் வாருங்கள். மணிக்கு 90 கி.மீ. போதும், பெட்ரோலும் மிச்சம், மனமும் நிம்மதி.

‘ரோட் ட்ரெயின்’ எனப்படும் தொடர் லாரிகள் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். ஒன்று உங்களைத் தாண்ட நினைத்தால், வேகத்தை மாற்றாமல் இடப்பக்கத்தை ஒட்டி நேராகப் போங்கள். அது பக்கத்தில் வந்த பிறகு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் சீக்கிரம் முன்னே போய்விடும். பதற்றத்தில் பிரேக் பிடிப்பதும் மண்ணில் இறங்குவதும்தான் தப்பு. யூஎச்எஃப் ரேடியோ இருந்தால் 40-ஆம் சேனலில் லாரிக்காரர்கள் பேசுவார்கள், 18-இல் கேரவன்காரர்கள். லாரிக்காரர்களோடு சுருக்கமாகப் பேசுங்கள், அவர்களுக்கு அது வேலை நேரம்.

கேரவன் ஆட ஆரம்பித்தால் காரின் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, கேரவன் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் பொத்தானை அழுத்துங்கள். அது டாஷ்போர்டில் எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே கைக்குப் பழக்கி வையுங்கள்.

அந்திக்குப் பிறகும் விடியலுக்கு முன்பும் ஓட்ட வேண்டாம், கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது. பகலில், அடிபட்டுக் கிடக்கும் கங்காருவைத் தின்ன பெரிய கழுகுகள் உட்கார்ந்திருக்கும். வயிறு நிறைந்த கழுகு மெதுவாகத்தான் எழும்பும். தூரத்தில் கண்டதுமே வேகத்தைக் குறையுங்கள்.

லாங்ரீச்சில் டாங்கியை நிரப்பி, காய்கறியும் வாங்கிவிடுங்கள். விண்டனில் கடைகள் உண்டு. ஆனால் சனி மதியத்துக்குப் பிறகும் ஞாயிறும் சிற்றூர்க் கடைகளை நம்ப முடியாது. சைவ உணவுக்காரர்களுக்கு அங்குள்ள பப்களில் உருளைக்கிழங்கு வறுவலும் சாலடும் தவிர அதிகம் தேறாது. பருப்பு, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் கேரவனில் இருந்தால் நாள் இனிமையாகப் போகும்.

படி 4: மூன்று மணிக்குள் வந்து, நிதானமாக நிறுத்துங்கள்

மறுநாள் சோம்பலாக இருக்க வேண்டுமென்றால் முதல் நாள் மாலை வேலையை ஒழுங்காக முடித்திருக்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

தங்க இரண்டு வழி. ஊருக்குள் மின்சாரம், குளியலறை எல்லாம் உள்ள கேரவன் பார்க். அல்லது ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள ‘லாங் வாட்டர்ஹோல்’ நீர்நிலைக் கரை. அங்கே வசதி எதுவும் இருக்காது, பறவைகள் இருக்கும். நடந்தே ஊரைச் சுற்றுவதுதான் திட்டம் என்பதால் இந்த முறை பார்க்கைத் தேர்ந்தெடுங்கள்.

திசையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியக் கேரவன்களில் வாசலும் அதன் மேல் விரியும் ஆனிங் என்ற துணிப்பந்தலும் இடப்பக்கம் இருக்கும். கேரவனின் முன்பக்கத்தைத் தெற்கு நோக்கி நிறுத்தினால் ஆனிங் கிழக்கே அமையும். காலையில் இளவெயில், மதியத்துக்குப் பிறகு நிழல். இன்னொன்று: இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கு வானில் போகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் நிழலைக் கணக்குப் போட்டால் தலைகீழாகிவிடும்.

நிறுத்தும் வரிசை இது. காரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே இட-வல மட்டத்தைச் சரிசெய்யுங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்தை ராம்ப் மேல் ஏற்றினால் போதும். பிறகு கை பிரேக், சக்கரங்களுக்குக் கட்டை. அதன் பிறகே முன்பக்கத்துச் சிறு சக்கரமான ஜாக்கி வீலை இறக்கி, சங்கிலியையும் மின் இணைப்பையும் கழற்றி, கொக்கியை விடுவித்து, காரை முன்னே நகர்த்துவது. முன்-பின் மட்டத்தை ஜாக்கி வீலால் பாருங்கள். மூலைக் கால்களைக் கடைசியில் இறக்குங்கள். அவை ஆட்டத்தை நிறுத்துவதற்குத்தான், கேரவனைத் தூக்குவதற்கு அல்ல. மட்டம் பார்ப்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தால், தோசைக் கல்லில் ஊற்றிய மாவு ஒரு பக்கமாக ஓடும்போது புரியும்.

மின்சாரத்துக்கு 15 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதன் எர்த் முனை அகலமானது. வீட்டு எக்ஸ்டென்ஷன் வயரில் பொருந்தாது, பொருத்த முயலவும் வேண்டாம். கேபிளைச் சுருளாக விடாமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுருளில் சூடு ஏறும். தண்ணீர்க் குழாயில் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வை மாட்டிவிட்டு, குடிநீருக்கான ஹோஸைப் பொருத்துங்கள். கழிவுநீர் ஹோஸைத் தரையில் இருக்கும் குழிக்குக் கொண்டு போங்கள். கேஸைத் திறந்து அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான், இனி நாற்காலி போடலாம்.

படி 5: தண்ணீரோடு சமாதானம் செய்துகொள்ளுங்கள்

விண்டனில் குழாயைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வரும். சாக்கடை எதுவும் கலந்துவிடவில்லை. ஊருக்கு வரும் தண்ணீரே அப்படி. ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அடியில் பரந்திருக்கும் பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து, ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்திலிருந்து இது வருகிறது. வெளியே வரும்போது 80 டிகிரிக்கு மேல் சூடு. ஆறவைத்துத்தான் ஊருக்கு விடுகிறார்கள், இருந்தும் ‘குளிர்நீர்’ குழாயிலேயே வெதுவெதுப்பாக வரும்.

வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. ஒரு கூஜாவில் பிடித்துத் திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் பெருமளவு போய்விடும். பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். குடிக்கலாம், பயமில்லை. ஆனால் காபி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. காபிக்கும் சமையலுக்கும் லாங்ரீச்சுக்கு முன்பே வேறு தண்ணீரை ஒரு 20 லிட்டர் கேனில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும். கொலுசு, அரைஞாண், வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் குளிப்பதற்கு முன் கழற்றி வைத்துவிடுங்கள். தண்ணீர் மிக மென்மையானது என்பதால் சோப்பு நுரை லேசில் போகாது. சோப்பைக் குறைவாகப் போடுங்கள். மற்றபடி, குளிர்காலக் காலையில் பூமியே சூடாக்கித் தரும் வெந்நீர்க் குளியலைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

படி 6: அந்த நாள்

ஜூலையில் ஏழு மணிக்குத்தான் விடியும். அலாரம் வேண்டாம். இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த கலா கிளிகளும் வெள்ளைக் கொரெல்லாக்களும் போடும் சத்தத்தில் தானாக விழிப்பு வரும். ஆனிங் அடியில் காபி, முடிந்தால் ரவா உப்புமா. வெயில் ஏறினால் ஈக்கள் வரும். முகத்தை மூடும் வலைத்தொப்பி பார்க்க வேடிக்கையாக இருக்கும், வாங்கிவிடுங்கள்.

*காலையில், ஒரே ஒரு கார்ப் பயணம்.* ஊரிலிருந்து 24 கி.மீ. தூரத்தில் சமவெளிக்கு மேல் மேசை போல எழும்பி நிற்கும் மேட்டின் மேல் இருக்கிறது ‘ஆஸ்திரேலியன் ஏஜ் ஆஃப் டைனோசர்ஸ்’ அருங்காட்சியகம். கேரவனைப் பார்க்கிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சுற்றிக்காட்டும் நேரங்கள் குறிப்பிட்டவை என்பதால் முதல் நாளே சீட்டு பதிவு செய்துவிடுவது நல்லது.

கதை 1999-இல் தொடங்குகிறது. டேவிட் எலியட் என்ற ஆட்டுப் பண்ணையாளர் ஆடுகளைத் திரட்டும்போது தரையில் ஒரு பெரிய எலும்பைப் பார்த்தார். தொடை எலும்பு. நாம் சாலையில் பயந்த அதே கரிசல் மண், நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கி, மிக நீண்ட காலத்தில் ஆழத்தில் கிடந்த எலும்புத் துண்டுகளை மேலே தள்ளியிருக்கிறது. அது தெரிந்த பிறகுதான், மேற்பரப்பில் துண்டு கிடந்தால் அடியில் தோண்டிப் பார்க்கலாம் என்று தேட ஆரம்பித்தார்கள். ‘பாஞ்சோ’, ‘மட்டில்டா’ என்று செல்லப் பெயர் வைத்த இரண்டு புதிய டைனோசர்களை 2009-இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

அவசரமாகப் பார்ப்பதானால் எலும்புகளை வைத்திருக்கும் அறையோடு திரும்பிவிடுவீர்கள். நேரம் இருப்பவர்கள் ஆய்வுக்கூடத்தில் நில்லுங்கள். மண் கட்டிக்குள் இருக்கும் எலும்பைத் தன்னார்வலர்கள் சிறு கருவியால் துளித்துளியாக வெளியே எடுத்துக்கொண்டிருப்பார்கள். பயிற்சி எடுத்துக்கொண்டு பொதுமக்களே செய்கிற வேலை இது. அப்புறம் 54 மீட்டர் நீளத்துக்கு ராட்சத டைனோசர்களின் காலடித் தடங்கள் பதிந்த பாறைத்தளம். வேறொரு பண்ணையிலிருந்து துண்டுகளாக எடுத்து வந்து, இங்கே மறுபடி பொருத்தியிருக்கிறார்கள்.

‘லார்க் குவாரி போக வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். சுமார் 3,300 சிறு காலடித் தடங்கள் உள்ள, உலகம் அறிந்த இடம்தான். பெரிய விலங்கைக் கண்டு சிதறி ஓடியவையா, ஆற்றில் நீந்திக் கடந்தவையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் போக 110 கி.மீ., திரும்ப 110 கி.மீ. மூன்றாவது இரவு தங்கினால் போங்கள். இந்த நாளில் வேண்டாம்.

*நடுப்பகல்.* திரும்பி வந்து தயிர்சாதம், தூக்கம். இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

*மூன்று மணிக்கு மேல், எல்டர்ஸ்லி தெரு.* ஊரின் உயிர் இந்த ஒரு தெருவில்தான். கால்நடை மந்தைகளும் வண்டிகளும் திரும்பும் அளவுக்கு அகலம். நடந்து போக அரை மணி நேரம்கூட ஆகாது. ‘வால்ட்ஸிங் மட்டில்டா மையத்தில்’ தொடங்குங்கள். ஒரு பாட்டுக்காகக் கட்டிய அருங்காட்சியகம். 1998-இல் திறந்தது, 2015-இல் எரிந்துபோனது, 2018-இல் புதுக் கட்டடம் எழும்பியது.

கவிஞர் பாஞ்சோ பாட்டர்சன் 1895-இல் விண்டனுக்கு வடமேற்கே உள்ள டாக்வொர்த் பண்ணையில் தங்கியிருந்தபோது அந்தப் பாட்டை எழுதினார். அங்கே கிறிஸ்டினா மக்ஃபர்சன் வாசித்துக் காட்டிய மெட்டுக்குத்தான் சொற்களைப் பொருத்தினார். கேட்பதற்குத் துள்ளலாக இருக்கும், கதையோ ஆடு திருடிய நாடோடி போலீஸிடம் பிடிபடாமல் குளத்தில் குதித்துச் சாவது. முந்தைய ஆண்டு, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் டாக்வொர்த் கொட்டகை எரிக்கப்பட்டது. அதை ஒட்டித் தொழிலாளி ஒருவர் நீர்நிலை அருகே இறந்து கிடந்தார். இந்தப் பின்னணி தெரிந்து பார்த்தால் மையத்தில் இருக்கும் பழைய படங்கள் வேறு மாதிரி பேசும். பாட்டு முதலில் பொதுவில் பாடப்பட்டது 1895 ஏப்ரல் 6-இல், இதே தெருவின் நார்த் கிரிகரி ஹோட்டலில் என்று ஊர் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறது.

அந்த ஹோட்டலுக்குப் பின்னால் ‘ஆர்னோவின் சுவர்’. ஓப்பல் என்ற ரத்தினக்கல்லைத் தோண்டும் சுரங்கக்காரர் ஒருவர் சுரங்கக் கற்களையும் தையல் இயந்திரம், மோட்டார் சைக்கிள் என்று கையில் கிடைத்த அத்தனையையும் சிமெண்டில் பதித்துக் கட்டியது. கலையா, கிறுக்கா என்று தீர்மானிக்காமல் ரசிக்கலாம்.

ஓப்பல் கடைகளில் வாங்காமல் பார்க்க யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்தப் பகுதியில் கிடைப்பது ‘போல்டர் ஓப்பல்’, இரும்புக்கல்லோடு ஒட்டியே விளைவது. வாங்குவதானால் கல்லைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். நிறமும் பின்கல்லும் சேரும் இடம் வளைந்து நெளிந்து இருந்தால் இயற்கையாக விளைந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேல் வைத்த மாதிரி நேர்க்கோடு தெரிந்தால் ஒட்டுக்கல்லாக இருக்கலாம்; கூச்சப்படாமல் கேளுங்கள். ஒட்டுக்கல்லும் அழகுதான், விலைதான் வேறாக இருக்க வேண்டும்.

குவாண்டாஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநர் கூட்டம் 1921 பிப்ரவரியில் விண்டன் கிளப்பில்தான் நடந்தது. சில மாதங்களில் நிறுவனம் லாங்ரீச்சுக்குப் போய்விட்டது. பெருமை யாருக்கு என்று இரண்டு ஊருக்கும் இன்னும் செல்லச் சண்டை. குழந்தைகள் இருந்தால் ஊர் ஓரத்தில் உள்ள இசைவேலிக்குக் கூட்டிப் போங்கள். கம்பிகளைத் தட்டி எவ்வளவு சத்தம் போட்டாலும் திட்டுவார் இல்லை.

*ஐந்து மணி.* பார்க்கில் ஆளாளுக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூடுவார்கள். உங்களுக்குத் தனி அழைப்பு வராது, நீங்களாகப் போக வேண்டும். நாற்காலியும் குடிக்க ஏதாவதும் உங்களுடையது. எலுமிச்சைச் சாறு கொண்டு போனாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஒரு டப்பா முறுக்கை நடுவில் வைத்துப் பாருங்கள், அடுத்த நூறு கிலோமீட்டரில் எந்த இடத்தில் சாலை வேலை நடக்கிறது, எந்த ஓய்விடத்தில் கழிப்பறை சுத்தம் என்பதெல்லாம் தானாக வந்து சேரும். எழுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நமக்கு முதலில் நாக்கு எழாது, போகப் போகச் சரியாகிவிடும்.

*இரவு.* பப்பில் சாப்பிடுவதானால் சீக்கிரம் போங்கள், எட்டு மணி வாக்கில் சமையலறையை மூடிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். 1918-லிருந்து நிற்கும் ராயல் தியேட்டர் திறந்தவெளித் திரையரங்கு, சாய்வு நாற்காலியும் மேலே வானமும். படம் குறிப்பிட்ட இரவுகளில் மட்டும்; ஊருக்கு வந்ததுமே விசாரித்து, முடிந்தால் தங்கும் நாளை அதற்கேற்ப அமையுங்கள்.

படம் இல்லாத இரவில் பார்க்கின் விளக்கு மறையும் ஓரம்வரை நடந்து போய் அண்ணாந்து பாருங்கள். அருங்காட்சியகம் இருக்கும் மேட்டையே சர்வதேச இருள்வானக் காப்பிடமாக 2019-இல் அறிவித்திருக்கிறார்கள். ஜூலையில் ஒன்பது மணி வாக்கில் விருச்சிகம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். கேட்டையின் சிவப்பு தெளிவாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் பார்க்கில் பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம், சில இடங்களில் எழுதியே வைத்திருப்பார்கள்.

படுப்பதற்கு முன் ஆனிங்கைச் சுருட்டிவிடுங்கள். நள்ளிரவில் திடீரென்று எழும் காற்று அதைப் பிய்த்து எடுத்துவிடும்.

படி 7: கிளம்புதல்

பெரும்பாலான பார்க்குகளில் காலை பத்து மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். முதல் வேலை கழிப்பறைப் பெட்டியை, கழிவு கொட்டுவதற்கென்றே உள்ள டம்ப் பாயிண்ட்டில் கொட்டிக் கழுவுவது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குடிநீர் ஹோஸை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள். பிறகு கேஸை மூடுவது, அலமாரிக் கதவுகளைப் பூட்டுவது, மேல் ஜன்னலை இறக்குவது, மூலைக் கால்களை ஏற்றுவது, கொக்கி, சங்கிலி, மின் இணைப்பு. ஒருவர் பின்னால் நின்று பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் எரிகின்றனவா என்று சொல்லட்டும். சக்கரக் கட்டைகளைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வடமேற்கே கைனுனா பக்கம் போகிறவர்கள், வழியில் கோம்போ நீர்நிலையில் இறங்கலாம். பாட்டில் வரும் குளம் அதுதான் என்று சொல்கிறார்கள். நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் பாதை மண்பாதை. முந்தின இரண்டு நாளில் மழை பெய்திருந்தால் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டு நேராகப் போய்விடுங்கள்.